நான்காயிரம் ஹெர்ட்ஸ்

யாஸ் தீவின் இந்த அறை
எனக்கென்று ஒதுக்கியதல்ல.
வரவேண்டிய மருத்துவர் விசா சிக்கலில்
கொச்சியிலேயே நின்றுவிட,
காது சோதிக்கும் டெக்னீஷியன் நான்
முஸஃபாவிலிருந்து வந்து சேர்ந்தேன்.
அறையிடம் யாரும் சொல்லவில்லை போல.
"நல்வரவு, டாக்டர் வர்கீஸ்" என்கிறது
ஆங்கிலத்தில், கதவு.

விடுதியின் மேல் கண்ணாடிச் செதில் வைத்த ஒரு வலை.
நிமிடத்துக்கு ஒரு நிறம்:
ஊதா, கடல்பாசி,
பிறகு சோகை பிடித்த நாக்கைப் போல் ஒரு வெளிர்சிவப்பு.
அதன் இடுப்புக்குக் கீழே நுழைந்து
மறுபக்கம் வெளியேறுகிறது பந்தயத் தடம்.

மாலை ஐந்துக்கு வண்டிகள் வந்தன.
பழக்கத்தில் காதைப் பொத்திக்கொண்டேன்.
ஒன்றுமில்லை.
முன்னூறு கிலோமீட்டர் வேகம்
தொட்டிக்குள் திரும்பும் கெளுத்தி போல
மீசை மட்டும் தெரியப் போயிற்று.
உள்ளங்கையைச் சன்னலில் வைத்தேன்.
அங்கே இருந்தது
ஓசையின் எலும்பு.

காலையில் பதினாறு பேர், முப்பத்தொரு காது.
கொடி அசைப்பவர்கள், டயர் உருட்டுபவர்கள்,
தீயணைப்பானோடு வளைவில் நிற்பவர்கள்.
வரைபடத்தில் முக்கால்வாசிப் பேருக்கு
ஒரே இடத்தில் பள்ளம்.
நான்காயிரம் ஹெர்ட்ஸ்.
சில்வண்டு அங்கேதான் குடியிருக்கிறது,
ரகசியம் பேசும்போது வரும் 'ஸ்'ஸும்.

தடம் பெருக்கும் வண்டி ஓட்டுகிறவர்
வேம்பாற்றுக்காரர், சவரிநாயகம்.
"பீப் கேட்டா பட்டன அமுக்கணும், அவ்ளோதான மேடம்?"
அவ்வளவுதான்.
கண்ணாடிக் கூண்டுக்குள்
பட்டனில் விரலை வைத்துக்கொண்டு
தேர்வு எழுதும் பையன் மாதிரி உட்கார்ந்திருந்தார்.
நான் ஒலியைக் கூட்டினேன்.
இன்னும் கூட்டினேன்.
விரல் அசையவில்லை.
"போன்ல வீட்டுக்காரி சண்ட போட்டா கேக்குது மேடம்,
கொஞ்சினாத்தான் கேக்க மாட்டேங்குது"
என்று வெளியே வந்து சிரித்தார்.

படிவத்தின் கடைசிக் கட்டம்: பணிக்குத் தகுதி.
ஆம். இல்லை.
மூன்றாவது கட்டம் கிடையாது.
அதை மடிக்காமல் அறைக்கு எடுத்து வந்துவிட்டேன்.
மேசையில் கிடக்கிறது,
வைத்த பொருளுக்கெல்லாம் மின்சாரம் ஏற்றும் மேசை.

இரவு, கட்டில் என் எடையை யோசித்து
ஒருமுறை மூச்சு வாங்கியது.
"டாக்டர் வர்கீஸ், நேற்று நீங்கள் சரியாகத் தூங்கவில்லை"
என்றது குளியலறைக் கண்ணாடி.
நேற்று நான் நால்வர் அறையில்,
இருமுகிற ஏசிக்குக் கீழே,
நன்றாகத்தான் தூங்கினேன்.
இங்கே அமைதி தடிமனாக இருக்கிறது.
அதற்குள் படுத்த பிறகுதான்
என் வலது காதில் ஒரு கம்பி அறுந்தாற்போல்
ஈ... என்று மெல்லிசாக.
என் காதைச் சோதித்து ஆறு வருடமாகிறது.

ஒன்று நாற்பதுக்கு எழுந்து சன்னலுக்குப் போனேன்.
தடத்தில் ஒரே ஒரு ஆரஞ்சு விளக்கு.
டயர் உதிர்த்த கருந்துகளையும்
வெற்றிக்குத் தூவிய ஜிகினாத் தாளையும்
தின்றபடி ஊர்ந்தது பெருக்கும் வண்டி.
ஓட்டுகிறவர் தலையில் காதுறை.
எல்லாரும் போய் ஆறு மணி நேரமான பிறகும்.

வென்றவனுக்கு ஒரு சுற்று எண்பத்தாறு விநாடி.
நான் கைபேசிக் கடிகாரத்தைத் தட்டினேன்.
படகுத்துறை ஓரம் மறைந்தார்.
என் காலுக்குக் கீழே நுழைந்து அந்தப் பக்கம் வந்தார்.
பதினெட்டாவது நிமிடம் கடைசி வளைவு.
ஒரு வெளிச்சமாவது காட்டுவோம் என்று
"விளக்கு" என்றேன் அறையிடம்,
தமிழில்.
திரை மூடிக்கொண்டது.
"இனிய இரவு, டாக்டர் வர்கீஸ்."

திற என்றேன். ஓபன் என்றேன்.
விரலால் விலக்கப் பார்த்தேன், துணிக்கு விளிம்பே இல்லை.
அது தானாக மனம் மாறித் திறந்தபோது
தடத்தில் யாருமில்லை,
வலை பச்சையாகியிருந்தது.

கையில் கடிகாரம் ஓடுகிறது.
இருபத்துநான்கு நிமிடம், இருபத்தைந்து.
பட்டனில் விரலை வைத்தபடி
நின்றுகொண்டிருக்கிறேன்.